சிறு படகும் எரிபொருட் கணக்கும்



வழியில் எண்ணெய் குறைகின்றது என்று அறிந்தவுடன் மனிதன் செய்ய விரும்பும் முதற்காரியம் யாது? விரைந்து செல்வது. எண்ணெய் தீருமுன் கரையை எட்டிப்பிடித்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கும். தரையிலே இத்தவறு பெருங்கேட்டை விளைப்பதில்லை. வண்டி நின்றால் இறங்கி நடக்கலாம். கடலிலோ இதே துடிப்பு உயிருக்கே உலையாக முடியக்கூடும். எனது அநுபவத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறி, அதிலிருந்து எழும் கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், நண்பர் ஒருவருடைய படகிலே பருத்தித்துறையிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்டோம். அது 28 அடி நீளமுள்ள சிறிய அறைப்படகு. இருவர் படுத்துறங்கத்தக்க சிற்றறை ஒன்றும், ஒரு டீசல் இயந்திரமும் அதில் இருந்தன. படகின் அடிப்பாகத்திலே பாசியும் சிப்பியும் ஏறிவிட்டபடியால், திருகோணமலையில் அதனைக் கரையேற்றிச் சுத்தம் செய்வதே பயணத்தின் நோக்கம். நண்பரும் நானும், பல்லாண்டு கடலோடிய முதிய தண்டையல் ஒருவருமாக மூவர் சென்றோம்.

புறப்படுமுன் நண்பர் கணக்கிட்டார். தூரம் சுமார் 100 கடல் மைல். படகின் வேகம் 6.5 நொட், அதாவது மணிக்கு ஆறரைக் கடல் மைல். எனவே பதினைந்தரை மணி நேரம். மணிக்கு 4 லீற்றர் வீதம் 62 லீற்றர் டீசல் போதும். தாங்கியோ 150 லீற்றர் கொள்ளும். எனினும், "80 லீற்றர் ஊற்றினால் தாராளம், வீண் பாரம் எதற்கு?" என்றார் நண்பர். தண்டையல் ஒன்றும் கூறவில்லை. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம்.

முல்லைத்தீவுக்கு நேரே வந்தபோது பிற்பகல் இரண்டு மணி. பாதி வழியைக் கடக்க எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே செல்ல வேண்டும். பத்து மணி நேரம் சென்றுவிட்டது. அடியில் ஏறிய சிப்பி படகை இழுத்துப் பிடித்தது. நீரோட்டமும் எதிராகவே ஓடியது. இவை இரண்டும் கணக்கிலே சேர்க்கப்படவில்லை. தாங்கியில் அளவுகோலை இறக்கிப் பார்த்தோம். 40 லீற்றர் இருந்தது. இன்னும் 50 மைல் உண்டு. அதே நிலையிற் சென்றால் மேலும் பத்து மணி நேரம். அதற்கு வேண்டியது சரியாக 40 லீற்றர். தாங்கியின் அடியிற் கிடக்கும் கடைசிச் சில லீற்றரை இயந்திரம் உறிஞ்ச இயலாது என்பதை நினைவிற் கொண்டால், திருகோணமலைத் துறைமுக வாயிலுக்குச் சற்று வெளியே, நள்ளிரவிலே, எங்கள் இயந்திரம் நின்றுவிடும் என்பது தெளிவு. கரையை அடுத்து அலைகள் உடைந்துகொண்டிருந்தமையால், எங்கள் படகின் ஆழத்தோடு முல்லைத்தீவுக் கரையை நெருங்கவும் வழியில்லை.

நண்பரின் கை இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டச் சென்றது. அந்தக் கையைத் தண்டையல் பிடித்துக்கொண்டார். "தம்பி, குறையுங்கோ" என்றார்.

நேயர்களே, இந்த இடத்திலே கதையைச் சற்று நிறுத்தி, தண்டையல் சொன்ன சொல்லின் பொருளை ஆராய்வோம்.

ஒரு படகு நிரப்பிய எண்ணெயைக்கொண்டு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதையே அதன் எட்டுதூரம் என்கின்றோம். அதனைக் கூட்டுவதற்குப் பெரும்பாலோர் முதலில் நினைப்பது பெரிய தாங்கி. தாங்கி பெருத்தால் நிறை கூடும். நிறை கூடினால் படகு ஆழ்ந்து செல்லும். ஆழ்ந்து செல்லும் படகுக்கு மேலும் எண்ணெய் வேண்டும். ஆகவே தாங்கியைத் தொடுமுன் வேகத்தைத் தொட வேண்டும். காசு எதுவும் செலவின்றி, ஆணி ஒன்றும் அறையாமல், எட்டுதூரத்தைக் கூட்டும் வழி அதுவொன்றே.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளரை நினைவுகூர வேண்டும். 1810 இல் பிறந்து 1879 இல் மறைந்த இவர், சிறிய மாதிரிப் படகுகளை நீரிலே இழுத்து, அவற்றுக்கு நீர் கொடுக்கும் தடையை அளந்தார். 1872 இல் இங்கிலாந்தின் டோர்க்கி நகரிலே இதற்கென ஒரு நீண்ட நீர்த்தொட்டியையே அமைத்தார். படகுக்கு நீர் கொடுக்கும் தடை இருவகைப்படும் என்பதை அவர் பிரித்துக் காட்டினார். ஒன்று, படகின் தோலோடு நீர் உராய்வதால் உண்டாவது. மற்றையது, படகு தான் செல்லும்போது அலைகளை எழுப்புவதால் உண்டாவது. மெதுவாகச் செல்லும் படகுக்கு உராய்வுத் தடையே பெரிது. வேகம் கூடக் கூட அலைத்தடை எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அமைதியான நீரிலே செல்லும் படகின் பக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அணியத்திலே ஓர் அலை எழும். சற்றுப் பின்னே மற்றோர் அலை எழும். படகு விரைவடையும்போது இவ்வலைகளுக்கிடையே உள்ள நீளமும் பெருகும். எங்கள் படகு நீரைத் தொடும் கோட்டிலே 25 அடி நீளமுடையது. 5 நொட் வேகத்தில் ஓர் அலையின் நீளம் சுமார் 14 அடி. ஏறக்குறைய இரண்டு அலைகள் படகைத் தாங்கிச் செல்லும். 6.7 நொட்டை அடையும்போது அலையின் நீளமும் 25 அடியாகிவிடும். அப்பொழுது அணியம் ஓர் அலையின் முடியிலும், கடையால் மற்றோர் அலையின் முடியிலும், நடுப்பகுதி பள்ளத்திலுமாகப் படகு நிற்கும். அதற்கு மேலும் விரைய முயன்றால் இரண்டாவது அலை பின்னே நழுவிவிடும், கடையால் தாழும், அணியம் எழும். தான் எழுப்பிய அலையின்மேல் தானே ஏறமுயலும் மலையேற்றமாகிவிடும் அப்பயணம். இயந்திரம் முழங்கும், புகை கக்கும், எண்ணெய் ஆறாய் ஓடும், வேகமோ அரை நொட்டும் கூடாது.

இதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால், அப்படகின் இயல்பான எல்லை வேகம் நொட்டிற் கிடைக்கும். 25 இன் வர்க்கமூலம் 5, அதனை 1.34 ஆற் பெருக்க 6.7. எல்லை வேகம் இது. சிக்கனமான வேகமோ பெருக்கல் எதுவுமின்றி அந்த வர்க்கமூலத்தையே ஒட்டியது. 25 அடிக்கு 5 நொட். 36 அடிக்கு 6 நொட். மனத்திற் பதிக்க எளிய கணக்கு இது.

சிக்கனம் எவ்வளவு என்று கேட்பீர்கள். எல்லை வேகத்துக்கு உட்பட்ட நிலையில், வேண்டிய வலு வேகத்தின் கனத்தை ஒட்டி வளரும். எல்லையை நெருங்கும்போது அதனினும் கடுமையாக வளரும். ஆகவே 6.5 நொட்டுக்கு மணிக்கு 4 லீற்றர் குடிக்கும் இயந்திரம், 5 நொட்டுக்கு 1.8 லீற்றரே குடிக்க வேண்டும். இயந்திரம் தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கும் சிறிது எண்ணெய் வேண்டுமாதலால், 2 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கையில் 100 லீற்றர் உண்டெனின், 6.5 நொட் வேகத்தில் 25 மணி நேரத்திற்குப் போதும். அதாவது 162 கடல் மைல். 5 நொட் வேகத்தில் 50 மணி நேரத்திற்குப் போதும். அதாவது 250 கடல் மைல். வேகத்தில் நாம் இழந்தது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. தூரத்தில் நாம் பெற்றதோ பாதிக்கு மேல்.

இது ஏட்டுக் கணக்கு மாத்திரமன்று. 1902 ஆம் ஆண்டிலே வில்லியம் நியூமன் என்னும் கப்பலோட்டி, தமது இளவயது மகனை மட்டும் துணைக்கொண்டு, 38 அடி நீளமுள்ள ஏபியல் அபட் லோ என்னும் மோட்டர்ப் படகில் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, 36 நாளில் இங்கிலாந்தின் பால்மத் துறையை அடைந்தார். அப்படகின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. அதன் வலு வெறும் 10 பரிவலு. மூவாயிரம் மைலுக்கு மேற்பட்ட அத்திலாந்திக் கடலை அவர்கள் மணிக்கு நான்கு மைலுக்கும் குறைந்த சராசரி வேகத்திலேயே கடந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1912 இல், தோமஸ் பிளெமிங் டே என்பவர் மூன்று துணைவரோடு டிட்ரோயிற் என்னும் 35 அடிப் படகில் அதே கடலைச் சுமார் மூன்று கிழமைகளில் தாண்டி அயர்லாந்தை அடைந்து, பின்னர் இரசியாவின் சென். பீற்றர்ஸ்பேர்க் வரை சென்றார். அப்படகின் இயந்திரமும் 16 பரிவலுவே. 1985 இல் அல் குரோவர் என்னும் அமெரிக்கர் 26 அடிப் படகொன்றிலே, வெளியிணைப்பு இயந்திரத்தைக்கொண்டே நோவா ஸ்கோசியாவிலிருந்து போர்த்துக்கல் வரை போய்ச் சேர்ந்தார். இவர்களைக் கரைசேர்த்தது பேரியந்திரம் அன்று, பொறுமை.

"இக்காலத்து அறைப்படகுகள் அலையின்மேல் ஏறிப் பறந்து செல்கின்றனவே, அவற்றுக்கும் இவ்விதி பொருந்துமோ?" என்று இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. தட்டையான அடியும் வலுமிக்க இயந்திரமும் கொண்ட படகு, ஒரு நிலைக்குமேல் நீரைப் பிளந்து செல்வதை விட்டு, நீரின்மேல் எழுந்து சறுக்கத் தொடங்கும். அத்தகைய படகுக்கு மூன்று நிலைகள் உள. முதலாவது, நாம் மேலே கண்ட மெதுவான நிலை. மூன்றாவது, முழுதும் எழுந்து சறுக்கும் நிலை. இவற்றிடையே உள்ள இரண்டாவது நிலைதான் கேடானது. அணியம் வானத்தை நோக்க, கடையால் குழியில் அமிழ, பின்னே பெரிய அலை ஒன்றை இழுத்துக்கொண்டு செல்லும் நிலை அது. ஒரு மைலுக்குச் செலவாகும் எண்ணெய் மிகுவது அங்கேதான். சறுக்கும் படகை உடையவர் ஒன்றில் நன்றாக எழுந்து, எழுந்த நிலை குலையாத மிகக் குறைந்த வேகத்திற் செல்ல வேண்டும். அன்றேல் முற்றாகத் தாழ்ந்து மெதுவாகச் செல்ல வேண்டும். இடையில் நிற்றல் ஆகாது. எட்டுதூரமே நோக்கமெனின், தாழ்ந்து மெதுவாகச் செல்வதே பெரும்பாலும் வெல்லும்.

அடுத்து, படகின் உடல்நலத்தைப் பார்ப்போம். அடியிலே மெல்லிய பாசி படிந்தாலும் உராய்வு கூடும். சிப்பி ஏறினாற் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகச் செல்லும் படகுக்கு உராய்வே முதன்மையான தடை என்றேன் அல்லவா? ஆகவே சிக்கனத்தை நாடுபவனுக்கு அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்தல் முதற்கடமை. உந்துவிசிறியின் இதழ்களிலே ஒட்டிய சிப்பி சிறிதாயினும், அது விளைக்கும் நட்டம் பெரிது. விளிம்பு வளைந்த இதழும் அவ்வாறே. விசிறியின் சாய்வு இயந்திரத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். முழு விசையிலும் இயந்திரம் தனக்குரிய சுற்றுக்களை எட்டவில்லையெனின், விசிறி அதற்கு மீறிய சுமையாக உள்ளது அல்லது அடி அழுக்கேறியுள்ளது என்று அறிக. கரும்புகை வருமாயின் எண்ணெய் முற்றாக எரியவில்லை என்று பொருள். அந்தப் புகை, நாம் காசு கொடுத்து வாங்கிய எண்ணெயே.

நிறையும் கவனத்துக்குரியது. தேவையற்ற சங்கிலி, பழைய கயிறு, என்றோ பயன்படும் என்று ஏற்றிவைத்த இரும்பு, இவையெல்லாம் ஒவ்வொரு மைலிலும் நம்மிடம் வரி வாங்குகின்றன. ஆனால் குடிநீரையும் நங்கூரத்தையும் உயிர்காப்பு அங்கியையும் இறக்கி எண்ணெயைச் சேமிக்க எண்ணுவோன் அறிவிலி. சுமையைப் படகின் நடுவிலே தாழ்வாக வைத்து, அணியமும் கடையாலும் சமமாக நிற்கும்படி செய்ய வேண்டும்.

டீசல் இயந்திரம் ஒரு லீற்றரைக்கொண்டு ஏறத்தாழ 5 பரிவலுவை ஒரு மணி நேரத்துக்கு வழங்கும். பெற்றோல் இயந்திரம் அதே அளவுக்கு ஏறத்தாழ 3 பரிவலுவே வழங்கும். எனவே தொலைதூரம் செல்வோர் டீசலை விரும்புவதில் வியப்பில்லை. ஆயினும் டீசல் இயந்திரத்தை மிகச் சிறு சுமையில் நாட்கணக்காக ஓட்டினால் அதன் உள்ளே கரி படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது பொழுது வேகத்தைக் கூட்டி, அதனைச் சூடேற விடுதல் நன்று.

இனிக் காற்றும் நீரோட்டமும். மணிக்கு 2 மைல் வேகத்தில் ஓடும் நீரோட்டம் 5 நொட் படகுக்கு எதிராக இருப்பின், உண்மையில் முன்னேறுவது 3 மைலே. 250 மைல் எட்டுதூரம் 150 ஆகிவிடும். அதே நீரோட்டம் சாதகமாக இருப்பின் 350 ஆகும். ஒரே படகு, ஒரே எண்ணெய். வேறுபாடோ 200 மைல்! வற்றும் பெருக்கும் அறிந்து ஆறு மணி நேரம் நங்கூரமிட்டுக் காத்திருப்பவன், காத்திருந்தே எண்ணெயைப் பெறுகின்றான். சோழகத்தையும் வாடையையும் கச்சானையும் கொண்டலையும் பெயர் சொல்லி அழைத்த நம்முன்னோர் இவ்வித்தையில் வல்லவர். வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது காற்றின் துணையால் அன்றோ? இயந்திரப் படகிலும் ஒரு சிறு பாயை வைத்திருத்தல் இழிவன்று. சாதகமான காற்றில் அது சில லீற்றரை மீதப்படுத்தும்; இயந்திரம் நின்றவிடத்து, அது ஒன்றே துணையாகும்.

இவ்வளவும் செய்த பின்னரே மேலதிக எண்ணெய் ஏற்றுவதைப்பற்றி எண்ண வேண்டும். அதிற் கவனிக்க வேண்டியவை உயிரோடு தொடர்புடையவை. பாதி நிரம்பிய பெரிய தாங்கியில் எண்ணெய் அங்குமிங்கும் பாய்ந்து படகின் ஆட்டத்தைக் கூட்டும். ஆகவே தாங்கியினுள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். தட்டின்மேல் உயரத்தில் அடுக்கிய கலன்கள் படகைத் தலைப்பாரமாக்கும். அவற்றை இறுகக் கட்டுவதோடு, அவற்றிலுள்ள எண்ணெயையே முதலிற் செலவிட வேண்டும். கடல் அமைதியாயுள்ள பகற்பொழுதிலே அதனைத் தாங்கிக்கு மாற்றிவிடுதல் நன்று. இரவுப் புயலிலே புனல் பிடிக்க இயலாது.

பெற்றோலாயின் எச்சரிக்கை பன்மடங்கு வேண்டும். டீசலின் ஆவி தீப்பற்றுவதற்கு 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. பெற்றோலின் ஆவியோ நீர் உறையும் நிலைக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்ற வல்லது. அன்றியும் அது காற்றினும் பாரமானது. படகின் அடியிலே கண்ணுக்குத் தெரியாமற் படுத்திருக்கும். இயந்திரத்தை முடுக்கும்போது எழும் ஒரு பொறி போதும். ஆகவே கையிற் கொண்டுசெல்லும் கலன்களைப் படகினுள் வைத்து நிரப்பாது, துறைமேடையில் வைத்தே நிரப்ப வேண்டும். முடுக்குமுன் மூடிகளைத் திறந்து அடிப்பகுதிக்கு நன்றாகக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. தாங்கியில் எண்ணெய் இருந்தும் இயந்திரம் நிற்பதுண்டு. பலகாலம் அடியில் தங்கிய நீரும் கசடும், கடல் குமுறும்போது கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துவிடும். அது நிகழ்வதோ பெரும்பாலும் இயந்திரம் மிகத் தேவைப்படும் வேளையில். தாங்கியை நிறைத்தே வைத்தல், அடியிலுள்ள நீரை வடித்தெடுத்தல், மாற்று வடிகட்டியைக் கைவசம் வைத்திருத்தல் ஆகியனவும் எட்டுதூரத்தைக் காக்கும் வழிகளே.

எல்லாவற்றுக்கும் முடிவாக, மூன்றிலொரு பங்கு விதியைக் கூறுகின்றேன். கடலோடிகள் உலகெங்கும் போற்றும் விதி இது. எண்ணெயிலே ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு திரும்புவதற்கு. ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. அந்த மூன்றாவது பங்கை எட்டுதூரக் கணக்கிலே சேர்த்தலாகாது. அது நமக்குரியதன்று, கடலுக்குரியது. அளவுகாட்டும் முள்ளை நம்பாது, கோலை இறக்கிப் பார்த்து, மணிக்கு மணி கொப்பியிற் குறித்துக்கொள்ள வேண்டும். தன் படகு எந்த வேகத்தில் எவ்வளவு குடிக்கின்றது என்பதை அமைதியான நாளொன்றிலே அளந்து எழுதி வைத்திருப்பவனே மாலுமி. மற்றையோர் பயணிகளே.

இனி, முல்லைத்தீவுக்கு நேரே விட்டுவந்த எங்கள் படகுக்குத் திரும்புவோம். தண்டையலின் சொற்படி வேகத்தைக் குறைத்தோம். நீரிலே படகின் வேகம் நாலரை நொட். எதிர் நீரோட்டம் போக, முன்னேற்றம் மூன்றரை மைல். நண்பர் முகம் வாடிவிட்டது. "பத்து மணி நேரத்தில் முடிவதைப் பதினான்கு மணி நேரமாக்குகின்றீர்களே" என்றார். தண்டையல் சிரித்தார். "பத்து மணித்தியாலத்திலை போய்ச் சேரமாட்டம், தம்பி. பதினாலிலை சேருவம்" என்றார்.

அவ்வாறே ஆயிற்று. மணிக்கு 2 லீற்றர். பதினான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். சுமார் 29 லீற்றர். விடியுமுன் திருகோணமலை வெளிச்சத்தைக் கண்டு, நான்கரை மணிக்குத் துறைமுகத்தினுள் நங்கூரமிட்டோம். கோலை இறக்கிப் பார்த்தபோது 11 லீற்றர் மீதி இருந்தது. நண்பர் அந்தக் கோலை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முதல் அவர் தாங்கியை நிறைக்காது புறப்பட்டதில்லை. கொப்பியில் எழுதாது ஓட்டியதுமில்லை.

நேயர்களே, இப்பேச்சு அறைப்படகு வைத்திருக்கும் சிலருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். 2022 ஆம் ஆண்டை நம் கரையோர மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். எண்ணெய்க்காக நாட்கணக்கிற் காத்திருந்தோம். அவ்வாண்டு ஆவணி மாதத்திலே ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பி வாழ்ந்த வள்ளக்காரருக்கு, கடலுக்குப் போவதா வீட்டில் இருப்பதா என்பதே கேள்வியாயிற்று. அவர்களது வள்ளத்துக்கும் நீர் கொடுக்கும் தடை இதே தடைதான். சுத்தமான அடி, பழுதற்ற விசிறி, சமமாக வைத்த சுமை, நீரோட்டம் அறிந்த புறப்பாடு, அவசரமில்லாத திரும்புகை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அடுப்புக்குச் சேரும் காசாகும்.

விலை ஏறலாம், இறங்கலாம். கடலின் கணக்கு மாறுவதில்லை. எண்ணெய் குறையும்போது வேகத்தைக் குறைப்பதற்கு மனத்துணிவு வேண்டும். அத்துணிவு அந்த நேரத்திலே திடீரெனத் தோன்றாது. கரையில் இருக்கும்போதே கணக்கிட்டுப் பழகியவனுக்கே அது கைவரும். கடலுக்குச் செல்லும் நம்மவர் ஒவ்வொருவரும் மீதி எண்ணெயோடு கரை சேர்வார்களாக.